பயிற்றுமொழியா, மொழிப்பாடமா? திருமங்கலம் – பசுமலை ஆங்கிலக் கல்வி வரலாற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் ஆங்கிலக் கல்வி பற்றிய விவாதம் பெரும்பாலும் பயிற்றுமொழி பற்றிய விவாதமாகவே நடந்துவந்துள்ளது. ஆங்கிலத்தை ஒரு மொழியாக எவ்வாறு கற்பிப்பது என்னும் வினா அவ்விவாதத்துள் கரைந்துபோகிறது. 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845-இல் பசுமலைக்கு இடம்பெயர்ந்த அமெரிக்க மிஷன் செமினரியில் 1855-ஆம் ஆண்டு ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. அம்முடிவின் பின்னுள்ள கருத்தியலையும் இன்றைய அரசுப் பள்ளி ஆங்கிலவழிப் பிரிவுகளின் பின்னுள்ள கருத்தியலையும் இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. எதிரெதிரானவையாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்கள் என்பது இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இரண்டாம் மொழிக் கற்பித்தல், பயிற்றுமொழி, மதுரை அமெரிக்க மிஷன், பசுமலை, ரூபஸ் ஆண்டர்சன், பரிதிமாற் கலைஞர், பணிவழிக் கற்பித்தல்

முன்னுரை

மதுரை நகருக்குத் தென்மேற்கே, கரிசலும் செவ்வலும் கலந்த சமவெளியில் அமைந்துள்ளது திருமங்கலம். ஆங்கிலக் கல்வி வரலாற்றில் இவ்வூருக்கு உள்ள இடம் அதிகம் பேசப்படுவதில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் இவ்வூரில்தான் உள்ளது. 1842-இல் வில்லியம் ட்ரேசி என்னும் மிஷனரியின் பொறுப்பில் இங்குத் தொடங்கப்பெற்ற செமினரியே, 1845-இல் பசுமலைக்கு மாற்றப்பட்டு, 1881-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்து, 1904-இல் மதுரை நகருக்கு வந்து சேர்ந்தது.

இவ்வரலாறு வழக்கமாக ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சியான வளர்ச்சிக் கதையாகக் கூறப்படும். ஆனால் அக்கதையின் நடுவே ஓர் முறிவு உண்டு. 1855-இல் இந்நிறுவனத்தில் ஆங்கிலப் பாடம் நிறுத்தப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் அது மீண்டும் திரும்பியது. ஆங்கிலம் ஏன் நீக்கப்பட்டது, ஏன் திரும்பியது, இவ்விரு முடிவுகளிலும் மாணவரின் தேவை எந்த இடத்தைப் பெற்றது என்னும் மூன்று வினாக்களும் இன்றைய ஆங்கிலக் கற்பித்தலைப் புரிந்துகொள்ள உதவுவன.

1. செமினரியும் அதன் முன்மாதிரியும்

பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் 1810-இல் நிறுவப்பட்டது. அது 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியது. அங்கு 1823-இல் உருவான வட்டுக்கோட்டைச் செமினரி, ஆங்கிலத்தின் வழியே மேற்கத்திய அறிவியலையும் கணிதத்தையும் கற்பித்தது. தமிழ் இலக்கியத்தையும் பாடமாக வைத்தது. சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் அங்குப் பயின்றவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறியவர்களும் இவர்களே. பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர் தாமோதரம் பிள்ளை. ஆங்கிலக் கல்வி தமிழறிவை அழிக்கும் என்னும் பொதுக்கூற்றுக்கு அவரது வாழ்வே எதிர்ச்சான்றாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தது இந்த மிஷன். வட்டுக்கோட்டையின் முதல்வராக இருந்த டேனியல் பூர் அடுத்த சில ஆண்டுகளில் மதுரைக்கு வந்து பள்ளிகளைப் பெருக்கினார். எனவே திருமங்கலத்துச் செமினரி வட்டுக்கோட்டை அனுபவத்தின் தொடர்ச்சியாகவே எழுந்தது. அவ்வனுபவத்தின் வெற்றியோடு, மிஷன் தலைமை தோல்வி எனக் கருதியதும் சேர்ந்தே இங்கு வந்தது.

2. 1855: ஆங்கிலம் நீக்கப்பட்ட காரணங்கள்

1854–55-இல் மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சனும் அகஸ்டஸ் தாம்சனும் தூதுக்குழுவாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தனர். தன்னாட்சி, தற்சார்பு, தானே பரவுதல் என்னும் மூன்று பண்புகளைக் கொண்ட உள்நாட்டுத் திருச்சபை என்பது ஆண்டர்சனின் கோட்பாடு. திருச்சபை மக்களின் மொழியில்தான் வேரூன்றும் என்று அவர் கருதினார். அவரது வருகையை அடுத்து 1855-இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. பசுமலையில் ஆங்கிலம் நீக்கப்பட்டு, உபதேசியார்களையும் போதகர்களையும் தமிழில் உருவாக்கும் பயிற்சி நிலையமாக அது சுருங்கியது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தாய்மொழிக் கல்விக்கு ஆதரவான முற்போக்கு முடிவாகத் தோன்றும். 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்போடு ஒப்பிடின் ஆண்டர்சன் தமிழின் நண்பராகவே காணப்படுவார். எனினும் அவரது தரப்பின் காரணங்களை வகைப்படுத்திப் பார்த்தால் வேறொரு சித்திரம் புலப்படுகிறது. ஆங்கிலம் கற்றவர் அரசுப் பணியை நாடிச் செல்கின்றனர். மிஷன் பணிக்குத் தங்குவதில்லை. ஆங்கிலம் கற்றவருக்குத் தம் கிராமத்தோடுள்ள உறவு தளர்கிறது. ஆங்கிலக் கல்விக்கு ஆகும் செலவு மிகுதி. இம்மூன்றும் நிறுவனத்தின் தேவையிலிருந்து பிறந்தவை. மாணவருக்கு எது நலம் என்னும் வினா இவற்றுள் எதிலும் இல்லை.

ஆங்கிலம் அறிந்தவன் போய்விடுவான் என்பதே முதற்காரணத்தின் சாரம். அதாவது, ஆங்கிலம் ஒரு வாயில் என்பதை மிஷன் தலைமை நன்கு அறிந்திருந்தது. அறிந்தே அவ்வாயிலை அடைத்தது. மொழிக்கொள்கை இங்கு மாணவரை ஓர் இடத்தில் நிறுத்திவைக்கும் கருவியாகச் செயற்பட்டது. தமிழ் மாணவரின் உரிமையாக வழங்கப்படவில்லை. அவரது எல்லையாக விதிக்கப்பட்டது. ஒரு மொழியை மதிப்பதற்கும் ஒருவரை அம்மொழிக்குள் அடைப்பதற்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால், 1855-ஐப் பற்றிய எந்த மதிப்பீடும் பிழைபடும்.

ஆண்டர்சன் தரப்புக்கு உரிய நியாயத்தையும் கூறவேண்டும். எண்ணிக்கையில் மிகச் சிலருக்கான உயர்கல்வியைவிடப் பலருக்கான தொடக்கக் கல்வி முதன்மையானது என்னும் வாதம் இன்றும் ஏற்கத்தக்கதே. அன்னிய மொழியில் கருத்துகளை உருப்போடும் கல்வி ஆழமற்றது என்பதும் உண்மை. ஆனால் இவ்வாதங்கள் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்குவதற்கு எதிரானவை. ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பிப்பதற்கு எதிரானவை அல்ல. ஆண்டர்சன் இரண்டையும் ஒன்றாகக் கொண்டார். பிழையின் தோற்றுவாய் இதுவே.

3. முடிவின் முறிவு

அம்முடிவு நிலைக்கவில்லை. அமெரிக்காவிலேயே அது எதிர்ப்பைச் சந்தித்தது. 1856-இல் அல்பனி நகரில் கூடிய சிறப்புக் கூட்டம் தூதுக்குழுவின் நடவடிக்கைகளை விவாதித்தது. யாழ்ப்பாணத்தில் உள்ளூர் மக்களின் முயற்சி 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக மலர்ந்தது. பசுமலையிலும் ஆங்கிலம் மீண்டும் இடம்பெற்று, 1881-இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின.

இம்மாற்றத்துக்குக் காலச்சூழலும் காரணம். 1854-இல் வெளிவந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, தகுதியுள்ள தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழிவகுத்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் உருவானது. தேர்வும் மானியமும் பணிவாய்ப்பும் ஆங்கிலத்தைச் சுற்றிப் பின்னப்பட்டன. தூதுக்குழு தமிழகத்தில் ஆங்கிலத்தை நிறுத்தச் சொன்ன அதே காலத்தில் அரசு ஆங்கிலத்துக்கான தேவையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பு யாருக்கு என்பது கேட்கப்பட வேண்டிய வினா. மிஷன் பள்ளிகளுக்கு வந்தவருள் கிராமப்புற, ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பலர். வேறு வழியில் ஆங்கிலம் பெறக்கூடிய குடும்பங்களை மிஷனின் முடிவு பாதிக்கவில்லை. மிஷன் பள்ளியே ஒரே வழி என்றிருந்தவரைத்தான் பாதித்தது. சென்னை மாகாண அரசுப் பணிகளில் ஒரு சமூகமே மேலோங்கி நின்றதை 1916-ஆம் ஆண்டின் பிராமணரல்லாதார் அறிக்கை சுட்டிக்காட்டியது. அவ்வேற்றத்தாழ்வுக்கு மிஷன் முடிவு காரணமன்று. எனினும் அதை எதிர்கொள்ளக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு வழியை அது அடைத்தது என்று கூறலாம்.

4. இரு ஒப்பீடுகள்: கிறீன், பரிதிமாற் கலைஞர்

அதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848 முதல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளை 1864 முதல் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் பயின்றவர் ஊரைவிட்டு அகல்கின்றனர் என்னும் அதே கவலை அவருக்கும் இருந்தது. ஆயினும் அவரது செயல் வேறு. அவர் மாணவரோடு இணைந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். 1867-இல் இரண வைத்தியமும் 1872-இல் மனுஷ அங்காதிபாதமும் வெளிவந்தன. தமிழில் கற்றவர் மருத்துவராகவே வெளியேறினார்.

நோக்கத்தில் ஆண்டர்சனும் கிறீனும் நெருங்கியவர்கள், விளைவில் விலகியவர்கள். ஒருவர் மாணவரிடமிருந்து ஒரு மொழியை எடுத்துக்கொண்டார். மற்றவர் தமிழுக்குள் ஓர் அறிவுத்துறையையே கொண்டுவந்து சேர்த்தார். தமிழ்வழிக் கல்வியை மதிப்பிட இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது. எந்த அறிவு அம்மொழியில் வந்து சேர்ந்திருக்கிறது, அக்கல்வி முடிந்தபின் எந்தக் கதவு திறக்கிறது என்பனவே அவ்வளவுகோல்.

இரண்டாம் ஒப்பீடு பசுமலைக்கு மிக அருகிலிருந்தே கிடைக்கிறது. விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பசுமலைப் பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும் பயின்றார். மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று அங்கேயே தமிழாசிரியரானார். பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரில் அவர் எழுதிய தனிப்பாசுரத்தொகை, ஆங்கிலத்தின் பதினான்கடிப் பாவடிவத்தைத் தமிழில் கையாண்டது. நாடகவியல் என்னும் நூல் தமிழ் நாடகத்துக்கு இலக்கணம் வகுத்தது. 1902-ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் முயற்சி எழுந்தபோது, மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளையோடு இணைந்து அதை எதிர்த்தவரும் அவரே. பூர்ணலிங்கம் பிள்ளை ஆங்கிலப் பேராசிரியர் என்பது கருதத்தக்கது. தமிழைக் காக்க எழுந்த அவ்விருவருக்கும் ஆங்கிலம் ஒரு தடையாக இருக்கவில்லை.

இச்சான்றை அளவுக்கு மீறி நீட்டிக்கக் கூடாது. பரிதிமாற் கலைஞர் கல்வி மரபுடைய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையிடமே வடமொழி கற்றவர். 1855-இன் முடிவால் வாயில் அடைபட்ட கிராமத்துப் பிள்ளையின் நிலை அவருடையதன்று. முதல்மொழியில் ஆழ்ந்த அடித்தளமும் இரண்டாம் மொழியில் முறையான பயிற்சியும் ஒருவரிடம் சேரும்போது என்ன நிகழும் என்பதையே அவர் காட்டுகிறார். அச்சேர்க்கை பிறப்பின் வாய்ப்பால் அன்றிப் பள்ளியின் வாயிலாக அனைவர்க்கும் கிடைக்குமா என்பதே கல்விக்கொள்கை விடைகூற வேண்டிய வினா.

5. இன்றைய நிலை: தலைகீழான அதே பிழை

1968-இல் தமிழக அரசு இருமொழிக் கொள்கையை ஏற்றபின் ஆங்கிலம் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழியாக நிலைபெற்றது. இக்கொள்கையின்படி தமிழ்வழி மாணவரும் ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாகப் பல ஆண்டுகள் பயில்கின்றனர். அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒரு பத்தியைத் தாமே எழுதத் தயங்குகிறார் என்பது கல்லூரி ஆசிரியர்கள் அன்றாடம் காணும் உண்மை. இதற்கு விடையாக மொழிப்பாடக் கற்பித்தல் சீராக்கப்பட்டிருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 2012–13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாயின.

பெற்றோரின் விருப்பத்தைக் குறைகூறுவதற்கில்லை. திருமங்கலத்துச் சந்தைக்கு வரும் உழவரும் கப்பலூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தொழிலாளரும் தம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்பது, 1855-இல் அடைக்கப்பட்ட வாயிலை மீண்டும் கேட்பதேயாகும். தனியார் பள்ளியின் கட்டணத்தைச் செலுத்த இயலாதவருக்கு அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவு சமத்துவத்தின் சின்னமாகத் தெரிவதில் வியப்பில்லை. பிழை அக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையில் உள்ளது. பெற்றோர் கேட்டது ஆங்கில அறிவு. வழங்கப்பட்டது ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவியல் நூலும் சமூக அறிவியல் நூலும்.

இந்நூல்கள் வகுப்பறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பது ஆசிரியர் சமூகம் அறிந்ததே. ஆசிரியர் ஆங்கில வரியைப் படித்துத் தமிழில் பொருள் கூறுகிறார். மாணவர் தமிழில் கேட்டுப் புரிந்துகொண்டு, ஆங்கில விடையை மனப்பாடம் செய்து எழுதுகிறார். புரிதல் நிகழும் மொழி ஒன்றாகவும் மதிப்பெண் பெறும் மொழி வேறாகவும் பிரிகின்றன. தமிழில் தாம் புரிந்துகொண்டதை எழுதிக்காட்ட அவருக்கு வாய்ப்பில்லை. ஆங்கிலத்தில் தம் சொற்களால் எழுதப் பயிற்சி இல்லை. இரு மொழியிலும் அரைகுறையாக நிற்கும் இந்நிலை மாணவரின் திறக்குறையால் விளைவதன்று.

ஆண்டர்சன் பயிற்றுமொழிக்கு எதிரான காரணங்களைக் கொண்டு மொழிப்பாடத்தை நீக்கினார். இன்றைய நடைமுறை மொழிப்பாடத்தின் தேவையைக் காட்டிப் பயிற்றுமொழியை மாற்றுகிறது. திசைகள் எதிரானவை, குழப்பம் ஒன்றே. அரசின் பிற கொள்கைகளிலும் இதன் முரண் வெளிப்படுகிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. ஒரு கை தமிழ்வழிக்குப் பரிசளிக்கையில் மறுகை ஆங்கிலவழிக்கு அழைக்கிறது. இடையில் நிற்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி எதைத் தேர்வது என்று அறியாது திகைக்கிறார்.

6. கற்பிக்கும் முறை என்னும் விடுபட்ட வினா

பயிற்றுமொழி விவாதத்தின் பேரொலியில் கேட்காமற்போன ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிக்கும் முறையில் உலகம் பேசும் சோதனைகள் சில இம்மாநிலத்தில் நிகழ்ந்தவை. 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு தொடங்கிய ஆசிரியர் பயிற்சி இயக்கம், மெட்ராஸ் பனிப்பந்து என்று பெயர்பெற்றது. பயிற்சி பெற்ற சிலர் பலரைப் பயிற்றுவிக்க, பனிப்பந்து உருண்டு பெருகுவதுபோல் அமைப்பு முறையிலான கற்பித்தல் பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் சென்று சேர வேண்டும் என்பது திட்டம். ஆனால் இத்தகைய அடுக்குப் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் வடிவம் எஞ்சிப் பொருள் குறைவது இயல்பு. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தல் எஞ்சியது. அவற்றைக் கொண்டு எதையேனும் கூறவைத்தல் மறைந்தது.

இக்குறையை நேரடியாக எதிர்கொண்டவர் என். எஸ். பிரபு. பெங்களூரை மையமாகக் கொண்டு 1979 முதல் 1984 வரை நடந்த அவரது திட்டத்தின் வகுப்புகள் சென்னை, கடலூர்ப் பள்ளிகளிலும் நடைபெற்றன. இலக்கண அமைப்புகளின் பட்டியலை விடுத்து, புகைவண்டிக் கால அட்டவணையைப் பார்த்து ஒரு பயணத்தைத் திட்டமிடுதல் போன்ற பணிகளை அவர் மாணவருக்கு அளித்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழியின் அமைப்பு உள்ளத்தில் தானே படியும் என்பது அவரது கருதுகோள். 1985-இல் பெரெட்டாவும் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீடு இதற்கு ஓரளவே ஆதரவளித்தது. அமைப்பு முறைத் தேர்வில் அமைப்பு முறை வகுப்புகளும், கேட்டல், படித்தல் புரிதலில் திட்ட வகுப்புகளும் சிறந்து விளங்கின. எதைப் பயிற்றுவிக்கிறோமோ அதுவே விளைகிறது என்பது இதன் பாடம். எதைத் தேர்வில் கேட்கிறோமோ அதுவே பயிற்றுவிக்கப்படுகிறது என்பதை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். 2018–19 முதல் பாடநூல்கள் புதுப்பிக்கப்பட்டு, உரையாடலும் கேட்டலும் இடம்பெற்றன. எனினும் பொதுத்தேர்வின் எடை எழுத்துத் தேர்விலேயே இருக்கும்வரை, அப்பகுதிகள் வகுப்பறையில் விரைந்து கடக்கப்படும் பக்கங்களாகவே இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மீண்டும் ஒரு குரலைக் கேட்பது பொருத்தமாகும். சுரேஷ் கனகராஜா 1999-இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் தம் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் எழுதிய குறிப்புகளையும் வரைந்த படங்களையும் ஆராய்ந்தார். ஆங்கிலம் வேண்டும் என்று கூறிய அதே மாணவர், பாடநூல் காட்டிய உலகத்தைத் தம் மொழியாலும் திரைப்படத்தாலும் அரசியலாலும் திருத்தி எழுதினர். மாணவர் வெற்றுப் பாத்திரமல்லர். தமிழை வகுப்பறையின் குற்றமாகக் கருதாமல், பொருளை உறுதிசெய்யவும் ஒப்பிடவும் உதவும் வளமாகக் கொள்வதற்கு இவ்வாய்வு வலுவான அடிப்படையாகிறது. மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு நகர்வது வேறு; தமிழில் விவாதித்துத் தெளிந்ததை ஆங்கிலத்தில் எழுதவைப்பது வேறு. முன்னதில் தமிழ் ஊன்றுகோல், பின்னதில் அடித்தளம்.

முடிவுரை

திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியின் வரலாறு, ஆங்கிலத்தைத் தடுத்தும் தமிழ் வளரவில்லை என்பதைக் காட்டுகிறது. கிறீன் வரலாறு, அறிவைக் கொண்டுசேர்த்தபோதே தமிழ்வழி பொருளுடையதாயிற்று என்பதைக் காட்டுகிறது. பரிதிமாற் கலைஞர் வரலாறு, இரு மொழிகளும் ஒருவரிடம் ஒன்றையொன்று வளர்க்க இயலும் என்பதைக் காட்டுகிறது. இம்மூன்றையும் இணைத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படுகின்றன.

1855-இன் முடிவைத் தாய்மொழிக் கல்வியின் முன்னோடியாகப் போற்றுவது பொருந்தாது. அது மாணவரை நிலைநிறுத்தும் நோக்கம் உடையது. இன்றைய ஆங்கிலவழிப் பிரிவுகளை அதற்கான திருத்தமாகக் கொள்வதும் பொருந்தாது. அவை மொழிப்பாடத்தின் தோல்வியை மறைக்கின்றன. தமிழில் சிந்தித்துக் கற்கும் உரிமையும் ஆங்கிலத்தைத் திறம்படக் கற்கும் உரிமையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வழங்கப்பட வேண்டியவை அல்ல. இரண்டும் ஒரே மாணவருக்கு உரியவை. அவ்வகையில், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தொடர்ச்சியான பயிற்சி, பேச்சுக்கும் கேட்டலுக்கும் தேர்வில் உரிய எடை, கல்லூரி முதலாண்டில் தமிழ்வழி மாணவருக்கான எழுத்துப் பயிற்சி ஆகிய மூன்றும் பயிற்றுமொழி மாற்றத்தைவிடப் பயன்தரும்.

1842-இல் திருமங்கலத்துச் செமினரியில் சேர்ந்த பிள்ளையும் இன்று அவ்வூர் அரசுப் பள்ளியில் சேரும் பிள்ளையும் கேட்பது ஒன்றையே: தம் மொழியை விட்டுவிடாமல் இன்னொரு மொழியையும் தமதாக்கிக்கொள்ளும் வழி. அவ்விருவருக்கும் இடையே கடந்த ஏறத்தாழ 180 ஆண்டுகளில், அவர்களுக்கு எந்த மொழி வேண்டும் என்பதைப் பிறரே தீர்மானித்துவந்துள்ளனர். எவ்வாறு கற்பிப்பது என்பதோ இன்னும் முழுமையாகக் கேட்கப்படாத வினாவாகவே உள்ளது.